சத்தியபாமா மிஸ்ஸியும் சாராய ஆஸ்பத்திரியும்

சத்தியபாமாவுக்கு இரண்டு விஷயங்களில் சமரசம் கிடையாது. ஒன்று, நீரிழிவுக்காரர் வெறுங்காலோடு நடப்பது. மற்றது, சிட்னி மக்குவாரி வீதியில் நிற்கும் மாநிலப் பாராளுமன்றக் கட்டடத்தைப் பற்றி யாராவது பயபக்தியோடு பேசுவது. இந்த இரண்டும் ஒரு பொங்கல் நாளில் ஒரே கதவடியில் சந்தித்துக்கொண்டன.

சாவகச்சேரியில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் தாதிப் பயிற்சி பெற்று, மின்சாரமும் மயக்க மருந்தும் மாறி மாறி இல்லாமல் போன வார்டுகளில் வேலை செய்தவர் அவர். தொண்ணூறுகளின் நடுவில் சிட்னிக்கு வந்தபோது, டோர்ச் வெளிச்சத்தில் காயம் தைத்த அந்தக் கைகளுக்கு இங்கே தாதி வேலைக்குத் தகுதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டே மறுபடி படித்தார். முன்பே தெரிந்ததையெல்லாம் ஆங்கிலத்தில் ஒருமுறை எழுதிக் காட்டினார். இப்போது வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்கு மருந்து கட்டுகிறார். ஸ்ட்ராத்ஃபீல்ட் பக்கத்துத் தமிழ் முதியவர்களின் பாதங்களை அவர்கள் பெற்ற பிள்ளைகளைவிட அதிகம் பார்த்திருப்பவர் இவர்தான். தாதியை அழைக்கும் ஊர் வழக்கப்படி அவர்கள் இவரை மிஸ்ஸி என்கிறார்கள்.

பாராளுமன்றத்தோடு அவருக்கு உறவு ஏற்பட்டது மிகச் சாதாரணமான ஒரு தேவையால். இரண்டாயிரத்து ஒன்பதில், வன்னியில் குண்டு விழுந்துகொண்டிருந்த மாதங்களில், மக்குவாரி வீதி வேலிக்கு வெளியே பதாகையோடு நின்ற கூட்டத்தில் அவரும் நின்றார். மணிக்கணக்காகக் கோஷம் போட்டதில் தொண்டை வறண்டது, சிறுநீர் முட்டியது. காவலாளியிடம் கழிப்பறை எங்கே என்று கேட்டார். அவர் பையைச் சோதித்துவிட்டு உள்ளே விட்டார். போய்விட்டு வெளியே வரும் வழியில், வழிகாட்டி ஒருவர் பத்துப் பதினைந்து பேருக்குச் சுவரைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். 'இது முதலில் ஆஸ்பத்திரி' என்ற சொல் காதில் விழுந்தது. தாதிக்கு அதைத் தாண்டிப் போகக் கால் வரவில்லை.

அன்று கேட்டதை வீட்டில் கணவர் கபிலனிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்த மாதங்களில் அந்த வீட்டில் கேட்ட ஒரே சிரிப்பு அதுதான். அதன் பிறகு விடுமுறை கிடைத்தபோதெல்லாம் நூலகத்துக்குப் போய் அந்தக் கட்டடத்தைப் பற்றிப் படித்தார். "ஆஸ்பத்திரியிலை வேலை செய்யிற பெண்ணைத்தான் கட்டினனான். பாராளுமன்றத்தையும் சேத்துக் கட்டினது எனக்குத் தெரியாது" என்பது கபிலனின் புகார்.

சிரிக்க என்ன இருந்தது? இருநூறு வருடங்களுக்கு முன் மக்குவாரி என்ற பிரிட்டிஷ் ஆளுநர் இங்கே வந்தபோது ஆஸ்பத்திரி என்ற பெயரில் இருந்தவை கூடாரங்களும் இற்றுப்போன கட்டடங்களும். புதிதாகக் கட்ட இலண்டன் காசு தராது. ஆனால் குடியேற்றத்தில் எல்லோருக்கும் ஒரு தாகம் இருந்தது. ஆளுநர் மூன்று பேரைக் கூப்பிட்டு ஓர் ஒப்பந்தம் செய்தார்: ஆஸ்பத்திரியை நீங்கள் கட்டுங்கள், பதிலுக்கு ரம் சாராயத்தை இறக்குமதி செய்யும் உரிமை உங்களுக்கு. அந்த மூவரில் ஒருவர் டார்சி வென்ட்வேர்த், குடியேற்றத்தின் தலைமை வைத்தியர். ஊருக்குச் சாராயம் ஊற்றுபவரும் அவர், குடித்து ஈரல் கெட்டவனைப் பார்ப்பவரும் அவர். தொழிலுக்கு இரு முனையிலும் வரும்படி. கல் சுமக்க, பிரிட்டனிலிருந்து கப்பலில் நாடுகடத்தப்பட்ட கைதிகளைக் கொடுத்தார்கள். எழுந்த ஆஸ்பத்திரியில் சமையலறையைப் பிணவறையாக்கிவிட்டு, நோயாளிகள் படுத்திருந்த இடத்திலேயே சமைத்தார்கள். அந்த ஆஸ்பத்திரியின் வடக்குப் பக்கத்து வைத்தியர் வீட்டில் பிற்காலத்தில் சட்டசபை குடிபுகுந்தது; இன்றுவரை இருக்கிறது.

"குசினியைப் பிணவறை ஆக்கினவன்ரை வீட்டிலைதான் இவை சுகாதாரச் சட்டம் எழுதினவை" என்பார் சத்தியபாமா. கால் புண்ணுக்கு மருந்து கட்டும்போது நோயாளிக்கு வலி தெரியாமலிருக்க அவர் இந்தக் கதையைத்தான் சொல்வார். கதை பரவியது. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பிள்ளைகளைப் பார்க்க வந்து, வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும் பெற்றோரைக் கூட்டிக்கொண்டுபோய் அந்தக் கட்டடத்தைத் தமிழில் சுற்றிக் காட்டுவது அவருடைய ஓய்வுநாள் வேலையாயிற்று.

இங்கேதான் மகாதேவன் வருகிறார். வென்ட்வேர்த்வில்லில் வசிக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர், மதுரைக்காரர், மூத்தோர் தமிழ் மன்றத்தின் தலைவர். அதற்கு முன் வேறு மூன்று மன்றங்களுக்குத் தலைவராக இருந்தவர். மோசமான மனிதர் அல்ல. யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் வந்து நாற்காலி போடுபவர். ஆனால் நாற்காலியில் பதவியோடு ஒருவர் உட்கார்ந்துவிட்டால் அவருக்கு முதுகெலும்பு வில்லாகிவிடும். இந்த வருடப் பொங்கல் விருந்தைப் பாராளுமன்றக் கட்டடத்திலேயே நடத்த ஒரு பெண் உறுப்பினர் இடம் வாங்கிக் கொடுத்திருந்தார். மகாதேவன் ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை. பிறகு சத்தியபாமாவுக்குப் போன் செய்தார்.

"சிஸ்டர், ஹிஸ்டரி நீங்கதான் பேசணும். பத்து நிமிஷம். ஒரு சின்ன ரிக்வெஸ்ட்."

"சொல்லுங்கோ."

"அந்தச் சாராயத்தை விட்டுடுங்க."

"நான் குடிக்கிறேல்லையே."

"ஜோக் வேண்டாம் சிஸ்டர். மெம்பர் வர்றாங்க. சர்க்கரைப் பொங்கலை வச்சுக்கிட்டு, உங்க வீடு சாராயத்துல கட்டினதுன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? அப்புறம் அந்தக் கப்பல், கைதி, அதுவும் வேண்டாம். நீங்க கப்பல்னு ஆரம்பிச்சா படகுல போய்த்தான் நிப்பீங்க. எனக்குத் தெரியாதா?"

"சாராயத்தையும் படகையும் விட்டால் மிச்சம் என்ன இருக்கு, மகாதேவன் சேர்?"

"தூண் இருக்குல்ல? வெராண்டா இருக்கு. ரெண்டு நூற்றாண்டு பழசு. பெருமையா நாலு வார்த்தை."

"பத்து நிமிசம் தூணைப் பற்றி."

"ரெஸ்பெக்ட், சிஸ்டர். அது கோயில் மாதிரி."

சத்தியபாமா போனை வைத்தபோது ஒரு சொல் அவரை உறுத்தியது. கோயில் அல்ல. படகு. மகாதேவன் சரியாகவே மோப்பம் பிடித்திருந்தார். கைதிக் கப்பல்களின் கதையைச் சத்தியபாமா ஒரே ஒரு ஆளுக்காகத்தான் அந்தக் கட்டடத்தில் சொல்ல விரும்பினார்.

அந்த ஆள் சிறி. இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் படகில் வந்தவர். இப்போது நாற்பத்தைந்து வயது. குளியலறைகளுக்கு மாபிள் பதிக்கிறார். இன்னும் தற்காலிக விசாதான். அது முடியும், புதுப்பிக்கப்படும், மறுபடி முடியும். மனைவியும் மகளும் முல்லைத்தீவில். வீடியோவில் வளர்ந்த மகள் இப்போது பல்கலைக்கழகம் போகிறாள். ஸ்ட்ராத்ஃபீல்டில் யோகேஸ்வரன் என்ற எழுபத்தெட்டு வயது ஓய்வுபெற்ற தபால் அதிபரின் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருக்கிறார். யோகேஸ்வரனின் கால் சத்தியபாமாவின் நோயாளி. அந்தக் காலைப் பார்க்கப் போன இடத்தில்தான் சிறியைத் தெரியும். யாராவது அதிகாரமாக ஆங்கிலம் பேசினால் அவர் கதவு இருக்கும் பக்கம் ஒதுங்குவார். சத்தியபாமா அதைக் கவனித்திருந்தார். இங்கே எல்லோரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது ஒன்றுதான்: நீ வரக்கூடாத வழியில் வந்தவன், அமைதியாக இரு. அந்தப் பாராளுமன்றத்தை எழுப்பியவர்கள் வந்த வழி என்ன என்பதை, அந்தக் கட்டடத்துக்குள், ஒரு நாற்காலியில் உட்கார்ந்து சிறி கேட்க வேண்டும். சத்தியபாமாவின் ஆசை அவ்வளவே.

தடை ஒன்று இருந்தது. மகாதேவனிடம் ஓர் ஆயுதம் உண்டு: பொன்னாடை. மேடையில் யாராவது அவருக்குப் பிடிக்காத திசையில் போனால் அவர் மறுத்துப் பேசமாட்டார். சரிகைச் சால்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு புன்னகையோடு எழுந்து வருவார். போர்த்துவார். சபை கைதட்டும். படம் எடுப்பார்கள். போர்த்தப்பட்டவர் அதற்குப் பிறகு பேசியதாகச் சரித்திரம் இல்லை. தணிக்கைச் சட்டம் எழுதிய எந்த அரசுக்கும் இவ்வளவு மென்மையான கருவி கிடைத்ததில்லை. நூலகங்களுக்குக் காசு வெட்டுவதைப் பற்றிப் பேசவந்த ஓர் ஆசிரியரை இரண்டாவது வாக்கியத்திலேயே போர்த்தியவர் மகாதேவன்.

பொங்கல் விருந்து மதியம். அதற்கு முன் சத்தியபாமா எல்லோருக்கும் கட்டடத்தைச் சுற்றிக் காட்டுவதாக ஏற்பாடு. வாசலில் சிறி நின்றுவிட்டார்.

"யோகேஸ் அண்ணையை நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கோ அக்கா. நான் வெளியிலை நிக்கிறன்."

"ஏன்?"

"உள்ளுக்கு ஐடி கேப்பினம்."

"பையைத்தான் பாப்பினம். உன்ரை பையிலை என்ன இருக்கு?"

"அண்ணையின்ரை இன்சுலினும் ரெண்டு பிஸ்கட்டும்."

"அதை வைச்சு ஆட்சியைக் கவிழ்க்கேலாது. வா."

பையைப் பார்த்தார்கள், விட்டார்கள்.

மேலவை மண்டபத்தின் வாசலில்தான் அது நடந்தது. உள்ளே சிவப்புக் கம்பளம், சிவப்பு இருக்கைகள், பொன்வண்ண வேலைப்பாடு. மகாதேவன் முன்னால் வந்து கையைத் தூக்கினார். "எல்லாரும் செருப்பைக் கழட்டிடுங்க. சட்டம் உருவாகிற இடம்."

"சப்பாத்தோடு வரலாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார் கதவடியில் நின்ற பாராளுமன்றப் பணியாளர், தயங்கித் தயங்கி. யாரும் கேட்கவில்லை. பட்டுச்சேலைகளும் வேட்டிகளும் குனிந்தன.

"ஒருத்தரும் கழட்டாதேங்கோ" என்றார் சத்தியபாமா. "இதுக்குள்ளை இருக்கிறவை நீங்கள் சம்பளம் குடுக்கிற ஆக்கள். சம்பளம் குடுக்கிறவன் வெறுங்காலோடை போறேல்லை."

அதற்குள் யோகேஸ்வரன் தம்முடைய அகலச் சப்பாத்தின் பட்டியைப் பிரித்துவிட்டார்.

"யோகேஸ் அண்ணை, உங்களுக்கு நான் என்ன சொன்னனான்?"

"எல்லாரும் கழட்டேக்கை நான் மட்டும் சப்பாத்தோடை நிண்டால் என்ன நினைப்பினம் பிள்ளை?"

"காலிலை ஆணி ஏறினால் உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"அப்ப?"

"தெரியாதெண்டால் நோகாதுதானே."

நீரிழிவு நரம்பைத் தின்றுவிட்ட பாதம். ஆணியும் ஒன்று, பஞ்சும் ஒன்று. சத்தியபாமா கம்பளத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அவரை உள்ளே விட்டார். கதவுக்கு வெளியே செருப்புகள் குவிந்தன. வெள்ளிக்கிழமை மாலையில் முருகன் கோயில் வாசல் போலிருந்தது. அந்தப் பணியாளர் என்ன செய்வதென்று தெரியாமல் அவற்றுக்குக் காவல் நின்றார்.

உள்ளே சத்தியபாமா சுவரைத் தட்டிக் காட்டினார். "இது கல் இல்லை, இரும்பு. ஸ்கொட்லாந்திலை செய்து, கழட்டி, பெட்டியிலை போட்டுக் கப்பலிலை அனுப்பினது. விக்டோரியாவிலை தங்கம் தோண்டுற இடத்திலை தேவாலயமாய் நிக்க வேண்டியது. இங்கை அவசரமாய் ஒரு மண்டபம் தேவைப்பட்டுது, வாங்கிப்போட்டினம். பொருத்தின பிறகு உள்சுவருக்குப் பலகை வேணுமெண்டு, சாமான் வந்த பெட்டியையே உடைச்சு அடிச்சினம். நீங்கள் கும்பிடுறது பாசல் பெட்டியை."

சிரிப்பு எழுந்தது. மகாதேவன் சிரிக்கவில்லை. அவர் மேலவைத் தலைவரின் ஆசனத்துக்கு அருகில், கைகளைப் பின்னால் கட்டி, படத்துக்கு நின்றுகொண்டிருந்தார். மனைவி பத்மா போனைப் பிடித்திருந்தார்.

"நேரா நில்லுங்க. சாக்ஸ்ல ஓட்டை தெரியுது."

"காலை எடுக்காதே. இடுப்புக்கு மேல எடு."

"காலையிலயே மாத்துங்கன்னு சொன்னேன்."

அந்த நேரம் யாரோ வந்து, உறுப்பினர் விருந்தறைக்குக் கிளம்பிவிட்டார் என்றார்கள். கூட்டம் கதவுக்கு ஓடியது. அவரவர் கால் அகப்பட்டதற்குள் நுழைந்தது. இன்னும் இரண்டு படம் எடுத்துவிட்டு மகாதேவன் வெளியே வந்தபோது, அவருடைய புத்தம்புதிய கறுப்புத் தோல் சப்பாத்தைக் காணவில்லை. ஒட்டுப்பட்டி வைத்த ஒரு சோடி அகலச் சப்பாத்து மட்டும் கிடந்தது. காலை நுழைத்துப் பார்த்தார். குதிகால் பாதி வெளியே நின்றது. பணியாளர் அனுதாபத்தோடு தலையசைத்தார்.

மகாதேவன் வாழ்க்கையில் முதல்முறையாக, வெறும் சாக்ஸோடு, ஒரு நடைபாதையில் ஓடினார். உறுப்பினர் வருவதற்குள் தலைமை மேசையில் உட்கார்ந்து, மேசைத்துணிக்கு அடியில் காலை இழுத்துக்கொண்டார். உறுப்பினர் வந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். மகாதேவன் எழவில்லை. முழங்காலைத் தொட்டுக் காட்டி முகத்தைச் சுளித்தார். "தயவுசெய்து எழ வேண்டாம்" என்றார் அந்த அம்மையார், உண்மையான இரக்கத்தோடு.

மின்கலத்தில் எரியும் குத்துவிளக்கின் விசையை அழுத்தி விழா தொடங்கியது. இந்த நிலத்தின் ஆதிக்குடிகளுக்கு இங்கே எந்த விழாவிலும் முதலில் மரியாதை சொல்லும் வாசகத்தை மகாதேவன் உட்கார்ந்தபடியே வாசித்தார். பிறகு சத்தியபாமாவை அழைத்தார். பொன்னாடை மடித்தபடி அவர் முன்னால் இருந்தது.

"இந்த நிலம் ஒருத்தரையும் கேக்காமல் எடுத்தது எண்டு இப்பதான் வாசிச்சம்" என்று தொடங்கினார் சத்தியபாமா, ஒரு வாக்கியம் தமிழிலும் அடுத்து அதையே ஆங்கிலத்திலும். "வாசிச்ச கையோடை சாப்பாட்டைப் பற்றி யோசிக்கத் தொடங்கீட்டம். நான் அந்த இடைவெளியிலை கொஞ்சம் நிக்கப் போறன்."

மகாதேவனின் கை பொன்னாடைக்குப் போனது.

சத்தியபாமா சாராயத்துக்கு வந்தார். மகாதேவன் சால்வையைப் பிரித்தார், எழப் பார்த்தார், கீழே பெருவிரல் ஓட்டை வழியே வெளியே நின்றது. உட்கார்ந்தார். அப்போதுதான் அவர் கண்ணில் அது பட்டது. எதிரே முன்வரிசையில் யோகேஸ்வரன், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கால் நுனியில் மகாதேவனின் சப்பாத்து மினுங்கியது. இரண்டு அளவு பெரிது. உணர்ச்சியற்ற அந்தக் காலுக்கு அது தெரியவில்லை, தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"நீ போய்ப் போர்த்திட்டு வா" என்று பத்மாவின் பக்கம் சால்வையைத் தள்ளினார்.

"நீங்கதானே தலைவர்."

"பத்மா, சொன்னாக் கேளு."

"கதை நல்லா இருக்குங்க. பேசாம இருங்க."

சத்தியபாமா வென்ட்வேர்த் வைத்தியருக்கு வந்திருந்தார். "நாங்கள் தோசை சாப்பிடவும் முருங்கைக்காய் வாங்கவும் போற வென்ட்வேர்த்வில், அது இந்தச் சாராய வைத்தியற்றை குடும்பப் பேர்தான். எங்கடை தலைவரும் அங்கைதான் இருக்கிறார்." உறுப்பினர் உரக்கச் சிரித்தார். அவர் சிரித்த பிறகுதான் சபைக்குச் சிரிக்கத் தைரியம் வந்தது.

"கட்டி முடிச்ச பிறகு, வேலை சரியோ எண்டு பாக்க ஒரு ஆளை அனுப்பினவை. பிரான்சிஸ் கிரீன்வே. கட்டடக் கலைஞர், கள்ள ஆவணம் எழுதினதுக்குத் தூக்குத் தண்டனை கிடைச்சு, பிறகு நாடுகடத்தல் ஆன கைதி. அவர் பாத்துப்போட்டு, அத்திவாரம் பிழை, வேலை மோசம், இது விழும் எண்டு எழுதினார். பெரிய மனுசர் மூண்டு பேர் கட்டினதிலை உண்மையைச் சொன்ன ஆள் அந்தக் கள்ளக் கையெழுத்துக்காரன். நடுக்கட்டடம் பிறகு இடிக்க வேண்டித்தான் வந்தது. அவற்றை முகத்தைப் பிற்காலத்திலை பத்து டொலர் நோட்டிலை போட்டினம்."

பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். கடைசி வரிசையில், கதவருகில், நாற்காலியின் நுனியில் சிறி உட்கார்ந்திருந்தார்.

"இந்தக் கல்லைச் சுமந்தவை ஒருத்தரும் தாங்கள் விரும்பின வழியாலை வரேல்லை. கப்பலின்ரை அடித்தட்டிலை, தீர்ப்போடை வந்தவை. ஆனால் கனபேருக்கு ஏழு வருசம், பதினாலு வருசம் எண்டு ஒரு முடிவுத் தேதி இருந்தது. அது முடிய, நிலம் வாங்கினவை, கலியாணம் செய்தவை, சிலபேர் பெரிய மனுசராயும் ஆனவை. இந்த அறையிலை, ஒரு குற்றமும் செய்யாமல், அந்தத் தேதிகூட இல்லாமல் இருக்கிற ஆக்கள் இருக்கினம். விசா இந்த வீட்டு வேலை இல்லை, கன்பராவிலை இருக்கிற மத்திய அரசின்ரை வேலை எண்டு எனக்குத் தெரியும். எண்டாலும் எங்கடை ஆக்களுக்கு ஒண்டு சொல்ல வேணும். இந்த வீட்டு வாசலிலை நாங்கள் கூனத் தேவையில்லை. இதைக் கட்டினவை எங்களைவிட மோசமான பேப்பரோடை வந்தவை."

பத்து நிமிடம் எப்போதோ கடந்திருந்தது. யாரும் அவரைப் போர்த்தவில்லை.

உறுப்பினர் மேசையிலிருந்து எழுந்து வந்தார். "தேதி இல்லாதவர்கள் இங்கே இருக்கிறார்களா?" என்று கேட்டார். கேட்டது ஆங்கிலத்தில், அதிகாரத்தில் இருப்பவர்களின் தெளிவான குரலில். சத்தியபாமா சிறியின் பக்கம் திரும்பவில்லை. அது சிறி சொல்ல வேண்டிய விஷயம்.

சிறி கதவைப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

"நான்" என்றார். "பதினாலு வருசமாகுது." அதையே ஆங்கிலத்திலும் சொன்னார்.

அதனால் விசா வந்துவிட்டதா? வரவில்லை. உறுப்பினர் அவருடைய பெயரைக் கேட்டார், கைகொடுத்தார், கன்பராவில் பேசுவதாகச் சொன்னார். அப்படிச் சொல்பவர்கள் கன்பராவுக்குப் போகும் வழியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் சிறி மறுபடி உட்கார்ந்தபோது நாற்காலியின் நுனியில் உட்காரவில்லை. முழு நாற்காலியையும் எடுத்துக்கொண்டு, சர்க்கரைப் பொங்கலை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார்.

சத்தியபாமா மேடையை விட்டு இறங்கி நேராக யோகேஸ்வரனிடம் போனார். மேடையிலிருந்தே அந்தச் சப்பாத்தைக் கவனித்திருந்தார்.

"காலை நீட்டுங்கோ."

"ஏன் பிள்ளை?"

"இது ஆற்றை சப்பாத்து?"

யோகேஸ்வரன் குனிந்து பார்த்தார். "அதுதானே. இண்டைக்குக் கொஞ்சம் அழகாய் இருக்கெண்டு நினைச்சனான்."

சப்பாத்தைக் கழற்றினார். தொளதொளவென்று உரசியதில் குதிகாலில் தோல் சிவந்து ஒரு கொப்புளம் தொடங்கியிருந்தது. சத்தியபாமா தரையில் உட்கார்ந்து, எப்போதும் கூடவே இருக்கும் கைப்பையிலிருந்து துணியும் பிளாஸ்டரும் எடுத்தார். காலை வைக்க மெத்தென்று ஏதாவது வேண்டும் என்று சுற்றிலும் பார்த்தார்.

ஓட்டைச் சாக்ஸோடு மகாதேவன் பக்கத்தில் நின்றார். தம்முடைய சப்பாத்துக்காக வந்தவர், அந்தச் சிவந்த குதிகாலைப் பார்த்ததும் அதை மறந்தார். கையிலிருந்த பொன்னாடையை நான்காக மடித்தார்.

"இதை வச்சுக்கோங்க சிஸ்டர்."

"சரிகை உரஞ்சும். உள்பக்கமாய் மடியுங்கோ."

மடித்துக் கொடுத்தார். யோகேஸ்வரனின் குதிகால் அதில் ஏறிச் சொகுசாக அமர்ந்தது.

"உங்கடை முழங்கால் இப்ப எப்பிடி, மகாதேவன் சேர்?"

"பரவால்ல சிஸ்டர்."

"எந்த முழங்கால்?"

மகாதேவன் இரண்டு முழங்காலையும் குனிந்து பார்த்தார். பத்மா மேசையிலிருந்தே பதில் சொன்னார்: "இடதுன்னு சொல்லிடாதீங்க. வலதைத்தான் தொட்டுக் காட்டினீங்க."

சத்தியபாமா சிரித்துக்கொண்டே பிளாஸ்டரை ஒட்டி முடித்தார். ஆஸ்பத்திரி என்று கட்டிய வளாகத்தில் அன்றைக்காவது ஒரு புண்ணுக்குச் சாராயம் ஊற்றாமல் மருந்து கட்டியாயிற்று.